மஞ்சள் தெரியாத காமாலை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்" என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. யாருக்காவது உடம்பு சோர்ந்து, சாப்பாடு பிடிக்காமல் போனால், நம் வீட்டுப் பாட்டிமார்கள் அவரை வாசல் வெளிச்சத்துக்கு அழைத்துப் போய்க் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார்கள். சிறுநீரில் சோற்றுப் பருக்கையைப் போட்டு, அது மஞ்சளாகிறதா என்று பார்க்கும் வழக்கமும் கிராமங்களில் இருந்தது. மஞ்சள் தெரிந்தால் காமாலை. தெரியாவிட்டால் பயமில்லை. இதுதான் தலைமுறை தலைமுறையாக நம்முடைய கணக்கு.

இந்தக் கணக்கு பாதிதான் சரி. கல்லீரலைத் தாக்கும் கிருமிகளில் மிக ஆபத்தான இரண்டு, பெரும்பாலோரிடம் மஞ்சளையே காட்டுவதில்லை. இருபது, முப்பது ஆண்டுகள் உடம்புக்குள் அமைதியாக இருந்துவிட்டு, ஒரு நாள் கல்லீரல் சுருக்கமாகவோ கல்லீரல் புற்றுநோயாகவோ வெளியே வருகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த நோயை மனிதன் எப்படித் துரத்திப் பிடித்தான், அந்த வேட்டையில் நம் சிங்கப்பூருக்கு, குறிப்பாகப் புக்கிட் மேரா வட்டாரத்துக்கு, என்ன பங்கு, அதில் விடுபட்டுப் போனவர்கள் யார் என்பதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சிப்பாய்கள் இருந்த இடம்

புக்கிட் மேரா என்றதும் நமக்குத் தியோங் பாரு, ரெட்ஹில், ஹெண்டர்சன், தெலுக் பிளாங்கா என்று அடுக்குமாடி வீடுகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் அரசாங்கம் வகுத்திருக்கும் புக்கிட் மேரா வட்டாரத்தின் எல்லைக்குள் அவுட்ரமில் இருக்கும் சிங்கப்பூர் பொது மருத்துவமனையும் அடங்கும். இந்த இடத்தின் பழைய பெயர் சிப்பாய் லைன்ஸ். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் இந்தியச் சிப்பாய்கள் தங்கியிருந்த குடியிருப்பு அது. 1882இல் பொது மருத்துவமனை இங்கு இடம் மாறி வந்தது. 1905இல் இதே இடத்தில் 23 மாணவர்களோடு ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கியது. பிற்காலத்துப் பல்கலைக்கழக மருத்துவத் துறைக்கு அதுதான் விதை.

அந்தக் காலத்தில் நோயைக் கண்காணிப்பது என்றால் துறைமுகத்தில் கண்காணிப்பது என்று பொருள். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலில் மேல்தளப் பயணிகளாக வந்த நம் முன்னோர்கள் பலர் செயின்ட் ஜான்ஸ் தீவில் இறக்கப்பட்டார்கள். 1874 முதல் அந்தத் தீவு தனிமைப்படுத்தும் இடமாக இருந்தது. உடம்பில் அம்மைக் கொப்புளம் இருக்கிறதா, வாந்திபேதி இருக்கிறதா என்று பார்த்து, இல்லாதவர்களை ஊருக்குள் விட்டார்கள். கண்ணுக்குத் தெரியும் நோய்களுக்கு அந்த முறை ஓரளவு பயன்பட்டது. தெரியாத நோயைச் சுமந்து வந்தவர் யார் என்று அன்று யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. அப்படி ஒரு நோய் உண்டு என்பதே தெரியாது.

தண்ணீரில் வருவது, இரத்தத்தில் வருவது

இங்கே ஒரு சிறு விளக்கம் தேவை. மருத்துவர்கள் ஹெபடைட்டிஸ் என்று சொல்வது கல்லீரல் அழற்சியை. அதை உண்டாக்கும் முக்கியக் கிருமிகள் ஐந்து: ஏ, பி, சி, டி, ஈ. இவற்றில் ஏ, ஈ இரண்டும் பெரும்பாலும் அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக வருகின்றன. வந்தால் கண் மஞ்சளாகும், வாந்தி வரும், சில வாரங்களில் பெரும்பாலும் தானாகவே குணமாகிவிடும். பி, சி இரண்டும் இரத்தத்தின் வழியாகப் பரவுகின்றன. தாயிடமிருந்து குழந்தைக்கு, சுத்தம் செய்யாத ஊசியிலிருந்து, சோதிக்கப்படாத இரத்தத்திலிருந்து, பி வகை என்றால் உடலுறவின் மூலமாகவும் வரும். டி வகை, பி இருப்பவரை மட்டுமே தொற்றும்.

தண்ணீரில் வருவதைத் துரத்துவது ஒப்பீட்டளவில் எளிது. 1983இல் சிங்கப்பூரில் ஹெபடைட்டிஸ் ஏ வேகமாகப் பரவியது. சுகாதார அதிகாரிகள் நோயாளிகளிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொருவராக விசாரித்தார்கள். விசாரணை, கெராங் என்று மலாயில் சொல்லப்படும் சிப்பியில் போய் முடிந்தது. கொதிநீரில் லேசாக நனைத்து அரைவேக்காட்டில் சாப்பிடும் பழக்கம்தான் காரணம். மூலத்தைக் கண்டார்கள், தடுத்தார்கள்.

ஆனால் அதிலும் ஒரு மர்மம் இருந்தது. 1955ஆம் ஆண்டு இறுதியில் டில்லியில் யமுனை திசை மாறி, சாக்கடை நீர் குடிநீர் எடுக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தது. 29,000க்கும் மேற்பட்டோருக்குக் காமாலை கண்டது. கர்ப்பிணிப் பெண்கள் பலர் இறந்தார்கள். அது ஏ வகை என்றுதான் உலகம் இருபத்தைந்து ஆண்டுகள் நம்பியது. நல்லவேளையாக யாரோ அன்றைய நோயாளிகளின் இரத்த மாதிரிகளைக் கெடாமல் பாதுகாத்து வைத்திருந்தார்கள். 1980இல் அதைச் சோதித்தபோது, அது ஏ வகையும் அல்ல, பி வகையும் அல்ல என்று தெரிந்தது. அதே காலத்தில் காஷ்மீரில் மருத்துவர் குரூவும் இதே முடிவுக்கு வந்தார். இன்று அதை ஹெபடைட்டிஸ் ஈ என்கிறோம்.

மனிதரின் வாக்குமூலம் மறந்துபோகும். இரத்தத்தின் வாக்குமூலம் மறக்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு துளி

பி வகையைக் கண்டுபிடித்த கதை வேடிக்கையானது. 1963இல் அமெரிக்க விஞ்ஞானி பரூக் பிளம்பர்க், உலகத்தின் பல்வேறு இன மக்களின் இரத்தத்தைச் சேகரித்து, ஒன்றுக்கொன்று என்ன வேறுபாடு என்று பார்த்துக்கொண்டிருந்தார். பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு நியூயார்க் நோயாளியின் இரத்தம், ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதரின் இரத்தத்தோடு வினை புரிந்தது. அந்தப் பொருளுக்கு ஆஸ்திரேலியா ஆண்டிஜென் என்று பெயர் வைத்தார்கள். அது ஹெபடைட்டிஸ் பி கிருமியின் மேலுறை என்று சில ஆண்டுகளில் தெரிந்தது. 1976இல் பிளம்பர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த நாளான ஜூலை 28தான் இன்று உலகக் கல்லீரல் அழற்சி தினம்.

இதன் முக்கியத்துவம் என்ன? முதன்முறையாக, மஞ்சளே தெரியாத ஒருவரின் உடலில் கிருமி இருக்கிறதா என்று ஒரு துளி இரத்தத்தில் பார்க்க முடிந்தது. பார்த்தவர்கள் அதிர்ந்தார்கள். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கோடிக்கணக்கானோர் எந்த அறிகுறியும் இல்லாமல் அதைச் சுமந்துகொண்டிருந்தார்கள்.

அமெரிக்காவுக்கே ஓர் அனுபவம் உண்டு. 1942இல் அந்நாட்டு இராணுவத்தினருக்குப் போட்ட மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில் மனித இரத்த நீர் கலந்திருந்தது. சுமார் 50,000 வீரர்களுக்குக் காமாலை கண்டது. அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வீரர்களைத் தேடிப் பிடித்து இரத்தத்தைச் சோதித்தபோது, உண்மையில் தொற்றுக்கு ஆளானவர்கள் சுமார் 3,30,000 பேர் இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். மஞ்சள் கண்டவர் ஒருவர் என்றால், காணாதவர் ஐந்து பேருக்கும் மேல்!

அவுட்ரமில் ஒரு பதிவேடு

இப்போது மீண்டும் புக்கிட் மேராவுக்கு வருவோம்.

1968இல் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கப்பட்டது. தொடங்கியவர் பேராசிரியர் கே. சண்முகரத்தினம். 1921இல் பிறந்து 2018இல் மறைந்த இவர், சிங்கப்பூர் நோய்க்கூறியலின் தந்தை என்று போற்றப்படுபவர். 2023இல் அதிபரான திரு தர்மன் சண்முகரத்தினத்தின் தந்தை என்றால் நேயர்களுக்கு உடனே புரியும். சிப்பாய் லைன்ஸில் நான் சொன்ன மருத்துவப் பள்ளியின் வழிவந்த கல்லூரியில் படித்தவர். அவுட்ரமில் நுண்ணோக்கியின் முன்னால் பல்லாண்டுகள் உட்கார்ந்தவர்.

பதிவேடு என்றால் என்ன பெரிய விஷயம் என்று நீங்கள் கேட்கலாம். அது அலுப்பான வேலை. மருத்துவமனைக் குறிப்புகள், ஆய்வுக்கூட அறிக்கைகள், மரணச் சான்றிதழ்கள், மருத்துவர்கள் தாமாக அனுப்பும் தகவல்கள் எல்லாவற்றையும் திரட்ட வேண்டும். ஒரே ஆளை இரண்டு முறை எண்ணக்கூடாது. ஒருவரையும் விடவும் கூடாது. வயது, ஆண், பெண், இனம் எல்லாம் பார்த்துப் பிரிக்க வேண்டும். தகவல் தருவது கட்டாயம் என்ற சட்டம் 2007இல்தான் வந்தது. அதுவரை நாற்பது ஆண்டுகள் நல்லெண்ணத்தின் பேரிலேயே அந்த வேலை நடந்தது.

அந்தப் பதிவேடு காட்டிய உண்மைகளில் ஒன்று, ஆண்களிடையே முன்னணியில் இருந்த புற்றுநோய்களில் கல்லீரல் புற்றுநோயும் ஒன்று என்பது. சீனர்களிடையே அது அதிகம். ஏன் இங்கே இவ்வளவு? இந்தக் கேள்விக்குத் தைவானிலிருந்து பதில் வந்தது. பீஸ்லி என்ற அமெரிக்க மருத்துவர் அங்கே 22,707 ஆண்களின் இரத்தத்தைச் சோதித்து, பிறகு வருடக்கணக்கில் அவர்களைப் பின்தொடர்ந்தார். 1981இல் முடிவை வெளியிட்டார். அதுவரை கல்லீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் 41 பேர். அவர்களில் 40 பேர் ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமந்தவர்கள்.

இதற்கு மேல் ஆதாரம் தேவையில்லை. அதே 1981இல் தடுப்பூசியும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புற்றுநோய் ஒன்றைத் தடுக்கும் முதல் தடுப்பூசி அது.

தொட்டிலில் தொடங்கிய பாதுகாப்பு

ஹெபடைட்டிஸ் பியில் ஒரு விந்தை உண்டு. பெரியவர் ஒருவருக்கு அது தொற்றினால், நூற்றில் ஐந்து பேர் அளவுக்குத்தான் உடம்பில் நிலைத்து நிற்கும். மற்றவர்கள் அதை வென்றுவிடுவார்கள். பிறக்கும்போதே குழந்தைக்குத் தொற்றினாலோ, பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் அது நிரந்தரமாகத் தங்கிவிடும். ஆகவே இந்த நோயைத் தடுக்கும் இடம் பிரசவ அறை.

சிங்கப்பூரில் பிரசவ அறை என்றால் அந்நாளில் லிட்டில் இந்தியாவை ஒட்டியிருந்த கண்டாங் கெர்பாவ் மருத்துவமனைதான். 1966இல் ஒரே ஆண்டில் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்து, கின்னஸ் புத்தகத்திலேயே இடம்பெற்றது. இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்களில் பலர் அங்கே பிறந்தவர்களாக இருப்பீர்கள்.

பொது மருத்துவமனை வளாகத்தில் டாக்டர் ஊன் சோங் ஜின் போன்றோர் தடுப்பூசி ஆய்வுகளை நடத்தினார்கள். 1985 அக்டோபர் 1 முதல், கிருமியைச் சுமக்கும் தாய்மார்களின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் தேசியத் திட்டம் தொடங்கியது. 1987 செப்டம்பர் 1 முதல், பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. தாய் பணக்காரரா, ஏழையா, சீனரா, மலாய்க்காரரா, தமிழரா என்ற பேச்சே இல்லை. 2001 முதல் 2004 வரை, விடுபட்ட மாணவர்களையும் தேசிய சேவையாளர்களையும் தேடிப் பிடித்துச் சோதித்து ஊசி போட்டார்கள்.

அதன் பலனை இன்று பார்க்கிறோம். அந்தத் தேதிக்குப் பின் பிறந்த தலைமுறையில் ஹெபடைட்டிஸ் பி மிகவும் குறைந்துவிட்டது. கல்லீரல் புற்றுநோய் விகிதமும் பழைய அளவிலிருந்து இறங்கியது. எல்லாரையும் எண்ணியதால், எல்லாரையும் காக்க முடிந்தது.

கீழாநெல்லிக்குச் சேர்ந்த புகழ்

இந்த இடத்தில் நம் வீட்டு வைத்தியத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் நேயர்கள் என்னை மன்னிக்கமாட்டீர்கள். காமாலை என்றால் கீழாநெல்லி. இங்கேயும் தேக்காச் சந்தையில் தேடி வாங்கி, அரைத்து மோரில் கலந்து கொடுத்தவர்கள் உண்டு.

இதை விஞ்ஞானம் அலட்சியப்படுத்தவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், பிளம்பர்க்கோடு சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்தார்கள். 1988இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. கீழாநெல்லி எடுத்துக்கொண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெறும் மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் வேறு நாடுகளில் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்று ஹெபடைட்டிஸ் பிக்குக் கீழாநெல்லியை நம்பி இருக்கும்படி எந்தக் கல்லீரல் மருத்துவரும் சொல்வதில்லை.

அப்படியானால் நம் பாட்டிமார்கள் கண்டது பொய்யா? பொய் இல்லை. அவர்கள் கண்டது பெரும்பாலும் தண்ணீரில் வரும் காமாலை. அது மூன்று, நான்கு வாரங்களில் தானாகவே இறங்கும். பத்தியச் சாப்பாடும் ஓய்வும் துணை செய்தன. புகழ் கீழாநெல்லிக்குப் போனது. தீங்கு எங்கே வந்தது என்றால், மஞ்சள் இறங்கியதும் நோய் போய்விட்டது என்று முடிவு கட்டியதில்தான். மஞ்சள் காட்டாத பி வகையை அந்தக் கணக்கு பார்க்கவே இல்லை.

2015இல் ஒரு பாடம்

புக்கிட் மேராவுக்கு மறுபடியும் வருகிறேன். இந்த முறை செய்தி வருத்தமானது.

2015இல், அதே பொது மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் 25 நோயாளிகளுக்கு ஹெபடைட்டிஸ் சி தொற்றியது. அவர்கள் அந்த ஆண்டின் முதல் பாதியில் அங்கே சிகிச்சை பெற்றவர்கள். எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களில் ஏழு பேரின் மரணத்தில் இத்தொற்றுக்கும் பங்கு இருந்திருக்கலாம் என்று கருதப்பட்டது. அக்டோபர் 6ஆம் தேதிதான் பொதுமக்களுக்கு அறிவித்தார்கள். பேராசிரியர் லியோ யீ சின் தலைமையில் அமைந்த சுயேச்சைக் குழு, டிசம்பரில் அறிக்கை தந்தது. தொற்றுத் தடுப்பு நடைமுறைகளில் ஓட்டைகள் இருந்தன, நோய்ப் பரவல் என்று உணர்வதில் தாமதம் ஏற்பட்டது, மருத்துவமனைக்குள் நடக்கும் இப்படிப்பட்ட வழக்கத்துக்கு மாறான பரவலைக் கையாளும் பொறுப்பு அமைச்சில் யாருக்கு என்பதும் தெளிவாக இல்லை என்று அது சுட்டிக்காட்டியது.

கவனியுங்கள். ஊருக்குள் பரவும் நோயைப் பிடிக்க நம்மிடம் நல்ல வலை இருந்தது. 1976ஆம் ஆண்டிலேயே தொற்றுநோய்ச் சட்டம் இயற்றப்பட்டு, கல்லீரல் அழற்சியைக் கண்ட மருத்துவர் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. ஆனால் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் எதிர்ப்புச் சக்தி மருந்தால் குறைக்கப்பட்டிருக்கும். அவர்களிடம் காமாலை வழக்கமான அறிகுறிகளோடு வருவதில்லை. வலை இருந்தும், அதன் கண்களுக்கு இடையே இந்த மீன் நழுவிவிட்டது.

அதன்பின் கண்காணிப்பு முறைகள் பலப்படுத்தப்பட்டன. தொற்றுநோய்களுக்கென்றே ஒரு தனி அமைப்பும் 2025 ஏப்ரலில் உருவானது. உலகத் தரம் வாய்ந்த மருத்துவமனையிலேயே ஒரு கிருமி சில மாதங்கள் கண்ணில் படாமல் இருக்க முடிந்தது என்றால், மருத்துவமனைப் படியையே மிதிக்காதவர்களின் நிலை என்ன? இதுதான் என்னை உறுத்தும் கேள்வி.

எண்ணப்படாதவர்கள்

விடுபட்டவர்கள் யார் என்று பார்ப்போம்.

முதலில், நம்மில் மூத்தவர்கள். 1987 செப்டம்பருக்கு முன் பிறந்து, 2001க்குள் படிப்பையும் தேசிய சேவையையும் முடித்துவிட்டவர்களை அந்த இரண்டு திட்டங்களும் தொடவில்லை. 2010இல் நடந்த தேசிய ஆய்வில், 18 முதல் 79 வயது வரையிலான சிங்கப்பூர்வாசிகளில் 3.6 விழுக்காட்டினர் ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமந்தனர். ஒரு பேருந்தில் ஐம்பது, அறுபது பேர் இருந்தால் அவர்களில் இருவர். அது சீனர்களுக்கு வரும் நோய் என்று நம்மவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எண்ணிக்கை கூடுதல், குறைவு என்பது உண்மை. கிருமி அடையாள அட்டையைப் பார்த்து வருவதில்லை.

இரண்டாவது, வெளியிலிருந்து வந்தவர்கள். தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்து நம் வீடுகளையும் சாலைகளையும் கட்டும் ஊழியர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலையில் நாம் பார்க்கும் தம்பிமார்கள். இவர்கள் ஊரில் பிறந்தபோது இந்த ஊசி இல்லை, அல்லது எல்லாருக்கும் கிடைக்கவில்லை. இந்தியாவில் தேசிய அளவில் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியதே 2018 ஜூலை 28இல்தான். 2022 நிலவரப்படி உலகில் சுமார் 25.4 கோடிப் பேர் நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பியோடு வாழ்வதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. இந்தியாவில் மட்டும் ஏறக்குறைய 3 கோடிப் பேர். உலக அளவில் தமக்கு இந்நோய் இருப்பது தெரிந்தவர்கள் நூற்றுக்குப் 13 பேர்தான். மற்ற 87 பேரும் தெரியாமலே நடமாடுகிறார்கள்.

வேலை அனுமதிச் சீட்டுக்காக இங்கே நடக்கும் மருத்துவச் சோதனையில் காசநோய், எச்.ஐ.வி., சிஃபிலிஸ், மலேரியா ஆகிய தொற்றுநோய்களைப் பார்க்கிறார்கள். ஹெபடைட்டிஸ் பியும் சியும் அந்தப் பட்டியலில் சேரவில்லை. பட்டியலில் சேர்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் செய்தால் கடன் வாங்கி வந்த ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வரும். கிருமியைச் சுமப்பவரோடு சேர்ந்து சாப்பிடுவதாலோ, கை குலுக்குவதாலோ, பக்கத்துக் கட்டிலில் படுப்பதாலோ பி வகையும் சி வகையும் தொற்றுவதில்லை. நான் கேட்பது வேறு. வேலை போய்விடுமோ என்ற பயமில்லாமல் அந்தத் தம்பி சோதித்துக்கொள்ள வழி வேண்டும். முடிவு அவருக்கும் மருத்துவருக்கும் மட்டும் தெரிய வேண்டும். இந்தப் பயம் இருக்கும்வரை யாரும் தாமாக முன்வரமாட்டார்கள்.

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2020இல் பார்த்தோம். கொவிட் நோய் தங்குவிடுதிகளில் பரவியபோது, கிருமிச் சோதனையில் பிடிபட்ட ஊழியர்கள் 54,505 பேர். பிறகு இரத்தத்தைச் சோதித்தபோது, மேலும் 98,289 பேருக்கு அது வந்து போயிருந்தது தெரிந்தது. விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினர். இரத்தத்தின் வாக்குமூலம் மறக்காது என்று முன்பு சொன்னேன் அல்லவா? டில்லியிலும் அமெரிக்க இராணுவத்திலும் கண்டதையே நம் வீட்டு வாசலிலும் கண்டோம். கொவிட் சில வாரங்களில் தன்னைக் காட்டிவிட்டது. ஹெபடைட்டிஸ் பி முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். அப்போது அந்தத் தம்பி இங்கே இருக்கமாட்டார். அறந்தாங்கியிலோ பட்டுக்கோட்டையிலோ ஐம்பது வயதில் வயிறு வீங்கிப் படுத்திருப்பார். சிங்கப்பூரின் எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இருக்காது.

நாம் செய்யக்கூடியது

இன்று நிலைமை நம்பிக்கை தருகிறது. ஹெபடைட்டிஸ் சி இருந்தால், இரண்டு மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் நூற்றில் 95 பேருக்கு மேல் முற்றாகக் குணமாகிறது. அந்த மாத்திரைகளை இந்திய நிறுவனங்களே குறைந்த விலையில் தயாரிக்கின்றன. ஹெபடைட்டிஸ் பியை முற்றாக நீக்குவது அரிது. ஆனால் மருந்தால் அடக்கி வைக்கலாம். அவ்வப்போது பார்த்துவந்தால் புற்றுநோயையும் ஆரம்பத்திலேயே பிடிக்கலாம். 2030க்குள் இந்நோய்களை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அகற்ற வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் இலக்கு வைத்தது. மருந்தும் ஊசியும் இருக்கின்றன. நோயாளி யார் என்பதுதான் தெரியவில்லை.

ஆகவே நேயர்களுக்கு மூன்று வேண்டுகோள்.

நீங்கள் 1987க்கு முன் பிறந்தவர் என்றால், அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது, ஹெபடைட்டிஸ் பி, சி சோதனை எனக்குத் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இனிப்பு நீருக்கும் கொழுப்புக்கும் இரத்தம் கொடுக்கிறோமே, இதற்கும் ஒரு துளி.

வீட்டில் யாருக்காவது கல்லீரல் புற்றுநோயோ கல்லீரல் சுருக்கமோ வந்திருந்தால், அதை வெட்கம் என்று மறைக்காதீர்கள். "குடித்தார், அதனால் வந்தது" என்று ஊர் சொல்லும். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவர்களுக்கும் கிருமியால் அது வருகிறது. உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, உங்களுக்குத் தெரிந்த ஊழியர் ஒருவர், "அண்ணே, ரொம்ப நாளா உடம்பு அசதியா இருக்கு" என்று சொன்னால், கண்ணைப் பார்த்துவிட்டு "மஞ்சள் இல்லை, ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 2006 முதல் இயங்கிவரும் ஹெல்த்சர்வ் போன்ற தொண்டு அமைப்புகள் ஊழியர்களுக்காகவே மருந்தகம் நடத்தியிருக்கின்றன. முதலாளியாக இருப்பவர்கள், அவர் போய்வர அரை நாள் விடுப்புக் கொடுங்கள்.

சிப்பாய் லைன்ஸில் நின்ற சிப்பாய்கள் போய்விட்டார்கள். அவர்கள் இடத்தில் வந்த மருத்துவர்கள், பெயர் பெயராக, ஆள் ஆளாக எண்ணி ஒரு பதிவேட்டை உருவாக்கினார்கள். அந்தப் பொறுமையான வேலைதான் 1987க்குப் பின் பிறந்த நம் பிள்ளைகளைக் காத்தது. அதே பொறுமையை நம் அம்மா அப்பாவுக்காகவும், நம் கட்டடங்களைக் கட்டிவிட்டு ஊர் திரும்பும் அந்தத் தம்பிமார்களுக்காகவும் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.